மகள் பேரில் இருந்த வீடு

என் இளைய மகளும் மருமகனும் மட்டக்களப்பு நகரத்தில் வாடகைக்கு இருந்தார்கள். இருவருக்கும் வேலை அங்கேதான். முதன்முதலாக வீடு வாங்குகிறவர்களுக்கு வட்டி குறைத்துக் கடன் தருகிறார்கள் என்று, இருவர் பேரிலும் சேர்த்து வங்கிக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். மூன்று அறை வீடொன்றைப் பார்த்தும் வைத்திருந்தார்கள். வங்கியில் கூப்பிட்ட நாளில் நானும் போனேன்.

எங்கள் ஊர் மண்டூரிலிருந்து போக வாவியைக் கடக்க வேண்டும். ஆட்களை ஏற்றும் மிதவையை நாங்கள் பாதை என்போம். என் கலியாணத்துக்கும் அதில்தான் வந்தேன், ஒரு தகரப் பெட்டியுடன். அன்று நல்ல காற்று, பெட்டியின் மேல் உட்கார்ந்தே வந்தேன். எங்கள் பக்கத்தில் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுடையது. அது கிடக்கட்டும்.

வங்கியில் இருந்த பெண் மரியாதையானவள். கடதாசிகளைப் புரட்டிக்கொண்டே என்னிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"மகளுக்குச் சீதன வீடு ஒண்டும் குடுக்கல்லயா ஐயா?"

எனக்குச் சுருக்கென்றது.

"குடுக்காமக் கட்டிக் குடுப்பமா புள்ள? நாங்க இப்ப இரிக்கிற வீடே அவட பேரிலதான். வீட்டுறுதி எழுதின பிறகுதான் தாலி."

மகள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். நாங்கள் குடியிருக்கும் வீடுதானே என்று, படிவத்தில் தனக்கு வீடில்லை என்றே எழுதியிருந்தாள். வங்கிப் பெண் பேனையைக் கீழே வைத்தாள்.

"அப்ப இவங்களுக்கு இது முதல் வீடு இல்லயே. சேர்ந்து கேக்கிறெண்டா ரெண்டு பேருக்கும் முந்தி வீடு இரிந்திருக்கக் கூடாது."

"திருப்பி எங்கட பேருக்கு எழுதித் தந்தா?"

"ஒருக்கா இரிந்தா இரிந்ததுதான் ஐயா. அவர் தனியக் கேட்டாத் தரலாம். வீடும் அவர்ட பேரிலதான் வரும்."

மருமகனின் சம்பளத்துக்கு அந்த மூன்று அறை வீடு எட்டாது. இரண்டு அறை வீடுதான். மூவரும் மண்டூருக்குத் திரும்பி வரும்போது ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வீட்டில் என் மனைவி இதைக் கேட்டதும் எழும்பி நின்றுவிட்டாள்.

"ஆம்புளட பேரில வீடா? நாளைக்கு ஒரு சண்டை வந்தா என்ட புள்ள எங்க போற?"

"அப்பா நாப்பது வருசமா உங்கட சீதன வீட்டிலதானே இரிந்தவர். அவருக்குப் பயம் வரல்லயே" என்றாள் மகள்.

"வரல்லயெண்டு ஆர் சொன்ன?" என்றேன் நான்.

எல்லாரும் சிரித்தார்கள். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. கலியாணமான புதிதில், சண்டை வந்தால் நான் வயல் வட்டைக்குப் போய் வரம்பில் குந்தியிருப்பேன். பயிர் பார்க்கப் போனதாகச் சொல்லிக்கொள்வேன். சாப்பிடக் கூப்பிடும்வரை வரமாட்டேன். அவளுக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"மருமகன் தனியக் கேக்கட்டும்" என்றாள் கடைசியில்.

மருமகன் தனியே எழுதிக் கொடுத்தார். கடனும் வந்தது. பால் காய்ச்சுகிற நாளில் புதுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மனைவி வாசலில் நின்றாள்.

"உள்ளுக்கு வரலாமா மருமகன்?"

மருமகனுக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது.

"என்ன மாமி கேள்வி இது, வாங்க!" என்றார்.