ஒரு கரண்டிப் புளிப்பு

அப்பாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அப்புறம் கை நீளும். "காது செவந்துடுச்சு, கடையைக் கட்டு" என்று மீன் சந்தையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

அவரும் பெரியப்பாவும் ஒரே கொட்டகையில் மீனைப் புளிக்கவைத்து விற்றார்கள். சின்ன மீன், உப்பு, சோறு மூன்றையும் பிசைந்து, பழைய ஜாடியிலிருந்து ஒரு கரண்டிப் புளித்த சாற்றை ஊற்றினால் போதும். ஊற்றாவிட்டால் பெரும்பாலும் நாறிவிடும். அந்தச் சாற்றில் இருப்பவை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் என்று பின்னாளில் கல்லூரியில் படித்தேன். அவை விடும் அமிலத்தில் மீனை அழுகவைக்கும் கிருமிகள் அடங்கிவிடும். அந்த பாக்டீரியாக்களோ எடுக்க எடுக்கப் பெருகும். வேறு யாரும் அதை வளர்த்துவிடக் கூடாதென்று, விற்கிற மீனை வேகவைத்துத்தான் கொடுத்தார்கள்.

தொழிலைப் பிரித்தபோது கத்தி, தராசு எல்லாம் சத்தமில்லாமல் பிரிந்தன. மற்ற ஜாடிகள் காலியாக இருந்த நேரம். பழைய ஜாடியைப் பெரியப்பா அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"ஜாடிய நீயே வெச்சுக்க. ஒரு கரண்டி குடு. குடுத்தா குறைஞ்சா போயிடும்?"

"குறையாதுடா. அதனாலதான் குடுக்க மாட்டேன். உன்கிட்டயும் இதே ருசி கிடைச்சா என்னை எவன் தேடி வருவான்?"

காது சிவந்தது. ஐஸ் உடைக்கும் கம்பி பெரியப்பாவின் கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டது. அடுத்த அடியில் ஜாடி பிளந்தது. பெரியப்பா உடைந்த துண்டால் அப்பாவின் தோளைக் கிழித்தார். சாற்றில் வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலேயே அடித்துக்கொண்டார்கள். பெரியம்மா இருவர் தலையிலும் வாளித் தண்ணீரைக் கொட்டினாள். தரையில் மிச்சமிருந்ததும் சாக்கடைக்குப் போயிற்று.

மூலையில் கிடந்த மரக்கரண்டியை மட்டும் அம்மா முந்தானையில் சுருட்டிக்கொண்டாள். கழுவாமல் கொண்டுவந்து புது ஜாடியில் போட்டாள். வருஷக்கணக்காகச் சாற்றில் ஊறிய மரம் அது. மீன் புளித்தது.

பெரியப்பாவின் மீன் நாறியது. ஒரு கரண்டி கேட்டு வந்தவரை அப்பா வாசலிலேயே மூக்கை உடைத்து அனுப்பினார். சாகக் கிடந்தபோதும், "அவனுக்கு ஒரு சொட்டு போச்சு, எழுந்து வந்து உன்னையும் ஒதைப்பேன்" என்றுதான் என்னிடம் சொன்னார்.

அடக்கம் முடிந்த மறுநாள் பெரியப்பா வந்தார். கோணலாகக் கூடிய கையில் ஒரு கிண்ணம்.

"உங்கப்பன் இருந்தா இந்நேரம் என் பல்லைக் கழட்டியிருப்பான்."

"ஆமா பெரியப்பா."

"இருக்கிறதே நாலு. அதுலயும் ரெண்டு அவன் ஆட்டிவிட்டது."

சிரிக்கத் தொடங்கியவர் சுவரில் நெற்றியை மோதினார். மறுபடியும் மோதினார். ரத்தம் புருவத்தில் இறங்கியது. நான் அவர் தலையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அம்மா அவர் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, அதே மரக்கரண்டியால் ஒரு கரண்டி ஊற்றினாள்.

அவர் போன பிறகு ஜாடியை எட்டிப் பார்த்தேன். எடுத்த அடையாளமே தெரியவில்லை.