யார் போட்டுக் கொடுத்தது

மைமூனுக்குப் புக்கிட் பாத்தோக்கில் வீடு, ஃபேரர் பார்க்கில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. கணவர் போன பிறகு மகன் சுஹைப்தான் எல்லாம். அவன் பாட்டுக் கேட்பதை விட்டு ஐந்து வேளையும் தொழ ஆரம்பித்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சேலை எடுக்க வந்தவர்களிடமெல்லாம் மகன் பெருமைதான். நாகூர் தர்கா கந்தூரிக்குக் காசு அனுப்பக் கூடாது என்று அவன் கத்தியபோதும், பிள்ளை நிறையப் படிக்கிறான் என்றே நினைத்தாள்.

பெருநாளுக்கு இவள் பலகாரத் தட்டு பக்கத்து வீட்டு லீலாவுக்குப் போகும். தீபாவளிக்கு லீலா தட்டு இங்கே வரும். சுஹைப் பிறப்பதற்கு முன்பிருந்தே வந்த பழக்கம். போன தீபாவளி முறுக்கை அவன் குப்பையில் கொட்டினான். எப்படி இருந்தது என்று லீலா கேட்டதற்கு, "சூப்பர் லா" என்று மைமூன் கூசாமல் பொய் சொன்னாள்.

பிறகு ஒருநாள், மடித்த துணியோடு அவன் அறை வாசலுக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே அவன் போனில் யாரிடமோ, இந்த ஊரிலேயே, கத்தியாலேயே முடித்துக் காட்டுகிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். மறுநாள் ரயில் நிலையத்தில், தீவிரவாதச் சந்தேகம் இருந்தால் சொல்லச் சொல்லும் சுவரொட்டியில் இருந்த எண்ணுக்கு அழைத்தாள்.

அதிகாரிகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். கணினியை எடுத்துக்கொண்டு அவனையும் அழைத்துப் போனார்கள். வழக்கு விசாரணை இல்லாத காவல். ஓர் உஸ்தாத் வாராவாரம் போய் அவனோடு மார்க்கம் பேசுவார், வீட்டுக்கு உதவி வேண்டுமென்றால் கேட்கலாம் என்று ஒரு தமிழ் அதிகாரி பொறுமையாக விளக்கினார். எப்போது வருவான் என்பதை மட்டும் இப்போது சொல்ல முடியாது என்றார்.

"சொன்னது யாருன்னு எங்க வாயிலேருந்து வராதுக்கா," என்றார். அந்த ஒரு வாக்கில்தான் மைமூன் நிம்மதியானாள்.

முதல் சந்திப்பில் சுஹைப் இளைத்திருந்தான். நடுவில் கண்ணாடி, ஆளுக்கொரு போன்.

"யாரு போட்டுக் குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியும் உம்மா. அந்த லீலா ஆன்ட்டிதான். வெளிய வந்து பாத்துக்கிறேன்."

மைமூன் சும்மா இருந்தால் போதும், மகன் அவளுக்கு மகனாகவே இருப்பான். லீலாவுக்கும் இது தெரியப் போவதில்லை. யாரையாவது வெறுத்துத்தான் தீருவான் என்றால் பெற்றவளையே வெறுத்துத் தொலையட்டும்.

"லீலா இல்லடா. நான்தான் கூப்பிட்டேன்."

"அவங்கள காப்பாத்த சும்மா சொல்றீங்க."

"அல்லாஹ் மேல ஆணையா நான்தான்."

அவன் போனை வைத்துவிட்டு எழுந்து போனான். அடுத்த வாரம் அவள் போனபோது பார்க்க விருப்பமில்லை என்று சொல்லியனுப்பினான். அதற்கடுத்த வாரமும் அப்படியே. மைமூன் இன்னமும் வாராவாரம் கடையில் அரைநாள் விடுப்புக் கேட்டுக்கொண்டு போகிறாள்.