கிழக்கு ஜன்னல் ஓரத்துக் கம்ப்யூட்டர்

அந்த வாரத்து டைரியில் செவ்வாய்க்கிழமைக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. "காலை 11.40. கம்ப்யூட்டர் மறுபடி அணைந்தது. நான்காவது தடவை." அணைந்த நேரத்தை மனைவி போனில் சொன்னாள், நான் வேலையிடத்தில் ஒரு துண்டுத்தாளில் குறித்து வைத்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்து டைரியில் ஏற்றினேன். அவள் குரலில் அழுகை இருந்தது. அதை எழுதவில்லை. என் டைரியில் அதற்கெல்லாம் இடம் விட்டுப் பழக்கமில்லை.

நான் தூத்துக்குடியில் ஓர் உப்பு ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். பாத்தியிலிருந்து வரும் உப்பில் ஈரம் எவ்வளவு, மண் எவ்வளவு என்று பார்த்து எழுதுவது என் வேலை. மனைவி பதினெட்டு வருடம் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் டி.டி.பி. வேலை பார்த்தவள். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை விழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று இந்த ஊரின் நல்லது கெட்டது எல்லாம் அவள் கைவழியாகப் போயிருக்கிறது. போன வருடம் அந்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். அதன் பிறகு வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் சின்னச் சின்ன வேலைகளைச் செய்துகொண்டிருந்தாள். அதுவும் தொடர்ந்து வரவில்லை. பல நாள் திரையை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

அப்படி இருக்கும்போதுதான் சாத்தான்குளத்தில் அச்சகம் வைத்திருப்பவர் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலரைக் கொடுத்தார். நூற்றறுபது பக்கம். பக்கத்துக்குப் பக்கம் புகைப்படங்கள். குறித்த நாளில் முடித்துக் கொடுத்தால் அவருடைய வேலை முழுவதையும் இனி இவளிடமே தருவதாகச் சொல்லியிருந்தார். முடியாவிட்டால் திருநெல்வேலியில் வழக்கமாகச் செய்பவரிடமே போய்விடும். செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டர் நான்காவது தடவை அணைந்தபோது கெடுவுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. தொண்ணூற்றிரண்டு பக்கம் முடிந்திருந்தது. அன்றைக்கு அணைந்தது மறுபடி எழுந்திருக்கவே இல்லை.

பிராசசர் பழையது, புகைப்படங்களின் சுமையைத் தாங்கவில்லை என்று முடிவுகட்டினேன். யாரையும் கேட்கவில்லை. நல்லதாகப் புதிது ஒன்று வாங்கிவிடுவது என்று அன்று சாயங்காலமே ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். ஒன்பது பத்தி: பிராசசரின் பெயர், தலைமுறை, எத்தனை கோர், வேகம், சூடு, மெமரி, டிஸ்க், உத்தரவாதம், விலை. கடை ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு பக்கம் ஒதுக்கினேன்.

மனைவி காபியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"நீங்க கோடு போட்டு முடிக்கதுக்குள்ள பிள்ளைய எல்லாம் படிச்சு முடிச்சு ஸ்கூல விட்டே போயிரும்" என்றாள்.

புதன்கிழமை முதல் கடைக்குப் போனேன். பெரிய கண்ணாடிக் கடை, ஏ.சி. உண்டு. அங்கிருந்த பெண் பொறுமையாகப் பதில் சொன்னார். பிராசசர் வரிசையில் மூன்று, ஐந்து, ஏழு என்று இருக்கிறது, எண் கூடக் கூட வேகம் கூடும் என்றார். நான் கேட்ட எல்லாவற்றுக்கும் அச்சடித்த தாள் ஒன்று வைத்திருந்தார். தாளில் இல்லாத கேள்விக்கு மேனேஜரைக் கேட்க வேண்டும் என்றார். மேனேஜர் மதுரைக்குப் போயிருந்தார்.

அங்கிருந்து இரண்டாவது கடை. மாடியில் பாகங்களை வாங்கிச் சேர்த்துக் கட்டித் தருகிறவர்கள். நான் ஏழு என்று வாயைத் திறந்ததுமே, கல்லாவில் இருந்தவர் பாதி விலைக்கு ஒரு ஏழு காட்டினார். என் நோட்டு அங்கே உதவியது. பெயரில் ஏழு இருந்தாலும் அதன் பின்னால் வரும் எண்ணின் முதல் இலக்கங்கள்தான் எந்தத் தலைமுறை என்பதைச் சொல்லும். அது பல வருடத்துக்கு முந்தைய சரக்கு. எங்கோ ஓர் அலுவலகத்தில் ஓடிக் களைத்ததைத் துடைத்து வைத்திருந்தார்கள். இன்றைய மூன்று அதை எளிதாக முந்திவிடும். அதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அண்ணாச்சி விவரமாத்தான் வாரிய" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். விவரமானவன் என்ற நினைப்போடுதான் வியாழக்கிழமை மூன்றாவது கடைக்குப் போனேன். புதிய தலைமுறையில் ஏழு வாங்குவது என்று முடிவாகியிருந்தது. இங்கே விலையை மட்டும் கேட்டு ஒப்பிட்டால் போதும்.

சின்னக் கடை. நடத்துபவர் காயல்பட்டினத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். வளைகுடாவில் ஒரு துறைமுக அலுவலகத்தில் பதினோரு வருடம் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். என் நோட்டை வாங்கி, எழுதியிருந்த நான்கு பக்கங்களையும் நிதானமாகப் படித்தார். எழுத்து அழகாக இருக்கிறது என்றார். பிறகு மூடி என் பக்கமே தள்ளினார்.

"அண்ணாச்சி, புதுசு இருக்கட்டும். பழசு ஏன் போச்சு?"

"பிராசசர் பழசு பாய். லோடு தாங்கல."

"தொறந்து பாத்தியளா?"

"இல்ல."

"பின்ன எப்படிச் சொல்லுதிய?"

எடை போடாமல் ஒருவன் ஈரப்பதத்தை எழுதிக் கொண்டுவந்தால் அந்தத் தாளை நான் அவன் முகத்துக்கு நேரே திருப்பிக் கொடுப்பேன். நான் செய்திருந்ததும் அதேதான். நாளை ஜும்மா முடிந்து மூன்று மணிக்குக் கடை திறப்பேன், பழையதைக் கொண்டு வாருங்கள், வேலை செய்கிற ஆளையும் கூட்டி வாருங்கள் என்றார். மனைவி எதற்கு என்று கேட்டேன். ஓட்டப் போவது அவர்கள்தானே என்றார்.

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்தேன். கேபினெட்டைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மனைவி ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் "மெதுவா, மெதுவா" என்றாள். அதற்குள் அவளுடைய தொண்ணூற்றிரண்டு பக்கம் இருந்தது. பென்டிரைவில் முதல் நாற்பது பக்கம்தான் ஏற்றி வைத்திருந்தாள்.

கடைக்காரர் பக்கத் தகட்டைக் கழற்றினார். திருகுகளில் இரண்டு துருப்பிடித்து வர மறுத்தன. உள்ளே விளக்கைக் காட்டினார். மின்விசிறியின் இறக்கைகளில் வெள்ளையாகப் படிந்திருந்தது. மெமரியை உருவியபோது, தங்க நிறத்தில் இருக்க வேண்டிய அதன் பற்கள் பச்சை பூத்திருந்தன. மதர்போர்டின் ஓரத்தில் பொருக்கு. அதை நகத்தால் சுரண்டி விரலை என் பக்கம் நீட்டினார்.

"இத எங்கன வச்சிருந்திய?"

கிழக்கு ஜன்னல் ஓரத்தில் என்றேன். எங்கள் வீட்டின் கிழக்கே ஒரு தெரு, அதைத் தாண்டி உப்பளம், அதற்கும் அப்பால் கடல். மதியத்துக்கு மேல் கடற்காற்று அந்த ஜன்னல் வழியாகத்தான் வரும். வீட்டிலேயே காற்றோட்டமான இடம் அதுதான்.

"பிராசசர் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. மத்ததையெல்லாம் உப்பு தின்னுட்டு."

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. மனைவிதான் சொன்னாள்.

"இவுக இருவத்திரண்டு வருசமா உப்பத்தான் அளக்காவ பாய். அதே உப்பு வீட்டுக்குள்ள வந்தா ஆள் அடையாளம் தெரியாது போல."

கடைக்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்தார்; முடியவில்லை. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்றிருந்தது. உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரமான உப்பு உலோகத்தை அரிக்கும். இதை என்னிடம் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லியிருக்கிறேன். வெளிக் கேட்டுக்கு எந்த வருடம் எந்த மாதம் துருவுக்குப் பெயிண்ட் அடித்தோம் என்பதுகூட டைரியில் இருக்கிறது. நோட்டில் ஒன்பது பத்தி போட்டேன். காற்றுக்கு ஒரு பத்தி போடத் தோன்றவில்லை.

பழைய டிஸ்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். முதல் தடவை அது தெரியவே இல்லை. கழற்றி, பற்களைத் துடைத்து, வேறு கம்பியில் மாட்டினார். மனைவி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அது என் பழக்கம். ஆனால் அந்த நேரத்தை நான் எங்கும் குறிக்கவில்லை. பிறகு திரையில் மலரின் பெயர் வந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனாள். அவர் அவசரப்படுத்தவில்லை. கடைக்கு வந்த இன்னொருவரைச் சைகையால் இருக்கச் சொன்னார்.

"தொண்ணூத்திரண்டும் இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகுதான் புதியதைப் பற்றிய பேச்சு. அவர் என்னைக் கேட்கவில்லை, அவளைக் கேட்டார். என்ன மென்பொருள், ஒரு நேரத்தில் எத்தனை கோப்பு திறப்பீர்கள், எங்கே போய் நிற்கும் என்று. புகைப்படம் நிறைய இருக்கும் பக்கத்தைத் திறக்கும்போது நின்று நின்று போகும் என்றாள் அவள். மற்ற நேரம் தொந்தரவு இல்லை. வீட்டில் அவள் பக்கத்து நாற்காலியில் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் இது எனக்கே தெரிந்திருக்கும்.

அது மெமரி போதாத குறை, டிஸ்க் பழைய காலத்து டிஸ்க் என்றார். ஏழு வேண்டாம், புதிய தலைமுறையில் மூன்று போதும், மெமரியை இரண்டு மடங்காகப் போடலாம் என்றார். நான் நோட்டைத் திறந்து, ஏழில் கோர், அதாவது உள்ளே வேலை செய்யும் பகுதிகள், அதிகம் என்று காட்டினேன். அதையும் பொறுமையாகவே விளக்கினார். அந்த மென்பொருளில் பெரும்பாலான வேலை ஒரே ஆள் செய்கிற வேலை, கூட எத்தனை பேர் நின்றாலும் வேடிக்கைதான் பார்ப்பார்கள். ஏழு அதிகம் சூடாகும். சூட்டைத் தணிக்கப் பெரிய விசிறி வேண்டும். பெரிய விசிறி உப்புக் காற்றையும் அதிகம் இழுக்கும்.

"செவன் வாங்குனா பத்து வருசம் கவலையில்லாம ஓடும்லா பாய்?" என்று கடைசியாக ஒரு முறை கேட்டேன்.

"ஓடும் அண்ணாச்சி. கோயம்புத்தூர்ல ஓடும்."

என் நோட்டில் விலை அதிகமான பெட்டியை வாங்கத் தயாராக வந்த ஆளிடம், விலை குறைந்ததை விற்றார் அவர். சனிக்கிழமை காலை புதியதைத் தானே கொண்டுவந்து இடத்தைப் பார்த்தார். கிழக்கு ஜன்னல் பக்கமே போகாமல், சமையலறைக்கு இப்பால் இருக்கும் உள்ளறையில் மேஜையைப் போடச் சொன்னார். வேலை இல்லாத நாளிலும் ஒரு மணி நேரமாவது போட்டு வையுங்கள், உள்சூட்டில் ஈரம் தங்காது என்றார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கொண்டு வந்தால் துடைத்துத் தருவதாகவும் சொன்னார். மனைவி கொடுத்த டீயை நின்றபடியே குடித்துவிட்டுப் போனார். நன்றி என்று நான் சொன்னபோது, எதற்கு என்பதுபோலப் பார்த்தார்.

உள்ளறையில் காற்று வராது. மேஜை விசிறி ஒன்றை எடுத்து வைத்தும் சூடாகத்தான் இருந்தது. மனைவி கழுத்தைத் துடைத்துக்கொண்டே பக்கங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்றேன்.

"ஒனக்குக் காத்து வரட்டும்னுதான் அங்கன போட்டேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள் திரையைப் பார்த்தபடியே. "கீபோர்டு அடியில திருகு துருப்பிடிச்சத நான் அப்பவே பாத்தேன். நீங்க ஆசையாப் போட்ட எடம். மாத்தச் சொல்ல மனசு வரல."

பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்ததும் அங்கேதான் உட்கார்ந்தேன். பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலை நான் வாசிக்க, அவள் திரையில் சரிபார்ப்பாள். புகைப்படங்கள் நிறைந்த பக்கங்கள் கண் இமைக்கும் நேரத்தில் திறந்தன. முதல் இரண்டு நாள் பழைய பயத்தில் வரிக்கு வரி சேமித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் பத்திக்கு ஒரு தடவை. அப்புறம் நான் கவனிக்கவில்லை. கெடுவுக்கு ஒரு நாள் முன்பாகவே நூற்றறுபது பக்கமும் சாத்தான்குளத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம் திங்கட்கிழமை காலை, நான் வேலைக்குக் கிளம்பும்போது அச்சகக்காரரின் போன் வந்தது. மலர் அச்சில் ஏறிவிட்டது, பள்ளிக்கூடத்தில் திருப்தி என்றார். விளாத்திகுளத்திலிருந்து ஒரு கொடை விழா மலர் வந்திருக்கிறது, கூடவே மூன்று கல்யாணப் பத்திரிகை, எல்லாம் வியாழக்கிழமைக்குள் வேண்டும் என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. பதினெட்டு வருட அச்சக வேலையிலும், வேலையில்லாமல் இருந்த இந்த ஒரு வருடத்திலும், யார் என்ன நாள் சொன்னாலும் அவள் சரி என்றுதான் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஒரு நொடி யோசித்தாள்.

"பத்திரிகை மூணும் வியாழக்கிழம தாரேன் அண்ணாச்சி. மலருக்கு அடுத்த புதன் வரைக்கும் டைம் வேணும். அவசரத்துல செஞ்சா நல்லா இருக்காது."

நான் ஒரு காலில் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன்.

"சரிம்மா, அடுத்த புதன்கிழமையே குடு" என்றார் அவர்.