கிழக்குப் பக்கத்து வளையம்

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட இது எனக்குக் கொஞ்சம் மரியாதை. ஒன்பது வயதில், கூடைப்பந்தைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அக்கா கல்லூரி டீமில் ஆடுகிறாள், தினமும் சாயங்காலம் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன், அப்புறம் என்ன தெரியாமல் இருக்கும்? ஒரே ஒரு விஷயம்தான் தெரியவில்லை. பாதி ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் பக்கம் மாறிக்கொள்ளும் என்பது. மாட்டுக்கு ஒரு கட்டுத்தறி மாதிரி ஒவ்வொரு டீமுக்கும் ஒரு வளையம் சொந்தம், அதை யாரும் பிடுங்க முடியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்படி நம்பியதில் என் மடத்தனம் பாதிதான். மீதிப் பாதிக்கு நெல்தான் பொறுப்பு.

பாலக்காட்டுப் பக்கம், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, வயல்களுக்கு நடுவில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது போல இருக்கும் அந்தக் கல்லூரி. அதற்குப் போக வயலில் வழி விட்டதே எங்கள் அப்பாவும் பக்கத்து வயல்காரர்களும்தான். அந்த வட்டாரத்தில் வழுவழுவென்று சிமெண்ட் போட்ட அகலமான இடம் கூடைப்பந்து மைதானம் ஒன்றுதான். அறுப்பு முடிந்தால் நெல்லை வேறெங்கே காயப்போடுவது? ஈரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும் மில்லுக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். அதனால் வழி விட்டவர்கள் உரிமையோடு மைதானத்தில் நெல்லைக் கொட்டினார்கள். நெல் இல்லாத காலத்தில் நிலக்கடலை. அதுவும் இல்லாவிட்டால் தேங்காய்ப் பருப்பு. மழைக்காலம் போக மீதி நாளெல்லாம் அங்கே ஏதாவது ஒன்று காய்ந்துகொண்டுதான் இருக்கும்.

டீமுக்குக் கோச் என்று இருந்தவர் வணிகவியல் வாத்தியார். மலையாளி, யார் மனமும் நோகக் கூடாது என்று நினைக்கிற மனிதர். அவர் ஒரு சமாதானம் செய்து வைத்தார். நடுக்கோட்டுக்கு மேற்கே நெல், கிழக்கே பந்து. இரண்டு தரப்பும் அதை மீறியதில்லை. பந்து நெல்லுக்குள் விழுந்தால் அக்காவும் தோழிகளும் வெறுங்காலோடு போய், நெல் சிதறாமல் எடுத்து வருவார்கள். நெல் கோடு தாண்டினால் அப்பா துடைப்பத்தால் தள்ளி விடுவார். இரு நாட்டு எல்லையில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

ஆக, அந்த டீம் பயிற்சி எடுத்ததெல்லாம் கிழக்குப் பக்கத்து வளையத்தில் மட்டும். அவர்கள் அந்த வருஷம் வெளியூரில் போய் ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றார்கள். நான் ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு சதியைக் கண்டுபிடித்துச் சொல்வேன். அக்கா ஷூவைக் கழுவிக் காயப்போடுவாள்.

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில், டவுன் காலேஜோடு. காலம் காலமாக எங்களைத் தோற்கடிப்பதையே தொழிலாக வைத்திருந்தவர்கள் அவர்கள். இதிலும் தோற்றால் அடுத்த வருஷம் பெண்கள் டீமே வேண்டாம் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார். அக்கா அப்போது இரண்டாம் வருஷம். அடுத்த வருஷம் அவள்தான் கேப்டன். யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுக்கும்போது கூப்பிடுவார்கள் என்று கோச் அவளிடம் சொல்லியிருந்தார். டீமே இல்லையென்றால் எங்கிருந்து கூப்பிடுவது?

ஆட்டத்தன்று காலையில் நெல்லை அள்ளச் சொல்லி அப்பாவிடம் கோச் வந்து நின்றார். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏனுங்க சார், ஒரு நா வெயிலு போனா சும்மாங்களா? ரெண்டு நாளா இப்பத்தான் நெல்லு சலசலங்குது. நீங்க பந்த நாளான்னைக்குப் போட்டுக்கறதுங்க."

"சேட்டா, நாளான்னைக்கு நம்ம மட்டும்தான் இங்க இருப்போம். அவங்க வரமாட்டாங்க. ஒரு திவசம், ஒரே ஒரு நாள், அட்ஜஸ்ட் செய்யணும்."

"வழி வுட்டவனே அட்ஜஸ்ட் பண்ணோணும். நல்லா இருக்குதுங்க உங்க நாயம்."

அக்கா பின்னால் நின்று, "ஒரு நாளைக்குத்தானுங்கப்பா" என்றாள். அப்பா துண்டை உதறிக் கட்டிக்கொண்டு நெல்லைக் கூட்ட ஆரம்பித்தார். மைதானத்து ஓரத்தில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, அதன்மேல் கல் வைத்து, கல்லுக்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டார்.

டவுன் காலேஜ் சொந்தப் பஸ்ஸில் வந்து இறங்கியது. எல்லோர் காலிலும் ஒரே மாதிரி ஷூ. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. உயரமான பெண் ஒருத்தி ஷூவில் ஒட்டிய நெல்மணி ஒன்றை எடுத்து, எங்கள் கோச்சிடம் நீட்டி, "சாரே, இது வேவிச்சுத் தருமோ?" என்றாள். வேக வைத்துத் தருவார்களா என்று கேட்கிறாள். அவளுடைய டீமே சிரித்தது. எங்கள் கோச்சும் சேர்ந்து சிரித்தார். நான் அந்த ஷூக்களில் ஒரு ஜோடியையாவது ஒளித்து வைக்க முடியுமா என்று பார்த்தேன். ஒருத்தியும் காலைவிட்டுக் கழற்றவில்லை.

ஆட்டம் தொடங்கியது. தையில் எங்கள் பக்கத்தில் வீசுகிற கிழக்குக் காற்று சாதாரணக் காற்றல்ல. கணவாய் வழியாக வந்து, குடையைத் திருப்பி, வேட்டியைப் பறித்து, கண்ணில் மண்ணைப் போட்டுவிட்டுப் போகும். டவுன் காலேஜ்காரிகள் கூரை போட்ட மைதானத்தில் ஆடிப் பழகியவர்கள். அவர்கள் மேற்கு வளையத்தைப் பார்த்து எறிந்த பந்தெல்லாம் காற்றில் ஏறிப் பலகைக்கு மேலே பறந்தது. எங்கள் பெண்களோ அந்தக் காற்றுக்கு எதிரே எறிந்தே கை பழகியவர்கள். ஒரு தம் கட்டிக் கிழக்கே எறிந்தால் பந்து காற்றோடு மல்லுக்கட்டி, தளர்ந்து, வளையத்துக்குள் வந்து விழும். அக்கா போட்ட ஒரு பந்துக்குத் தார்ப்பாய்க்குப் பக்கத்திலிருந்து அப்பாவே எழுந்து நின்றுவிட்டார். பாதி ஆட்டத்தில் நாங்கள் முன்னிலை. அந்தக் கல்லூரியில் அதற்கு முன்பு யாரும் பார்த்திராத காட்சி.

அப்புறம்தான் அந்த அக்கிரமம் நடந்தது. விசில் ஊதி ரெஃப்ரி கையைக் குறுக்காக ஆட்ட, உயரக்காரியும் அவள் கூட்டமும் நிதானமாக நடந்து வந்து எங்கள் கிழக்கு வளையத்தைப் பார்த்து நின்றார்கள். எங்கள் பெண்களை மேற்கே அனுப்பினார்கள். பட்டப்பகலில், இவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கையில். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் வேலிக்கடியில் புகுந்து ஓடி, கிழக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரெஃப்ரி வந்து எழுந்திருக்கச் சொன்னார், ஆட்டம் தொடங்க வேண்டுமாம்.

"மோனே, எணீக்கு. களி தொடங்கணும்."

"இது எங்களுதுங்க."

"எந்து?"

"இந்த வளையம். எங்கக்கா தெனமும் இதுலதான் போடறா. அவிங்களுது அது. கேட்டுப் பாருங்க, ஊருக்கே தெரியும்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. யாரோ, "உடாதடா, பட்டா கேளு" என்று கத்தினார்கள். உயரக்காரி குனிந்து என் கன்னத்தைத் தட்டினாள், அது இன்னும் பெரிய அவமானம். கடைசியில் கோச் வந்து என்னைத் தூக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு போய் அப்பாவிடம் கொடுத்தார். அக்கா என் பக்கம் திரும்பவேயில்லை. இடுப்பில் கை வைத்து மேற்கு வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், முதல் தடவையாகப் பார்க்கிறவள் போல.

மிச்ச ஆட்டத்தைச் சொல்ல இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் பெண்கள் பழகிய பலத்தோடு எறிந்தார்கள். காற்று இப்போது முதுகுப் பக்கம். பந்து பலகையைத் தாண்டி, வேலியைத் தாண்டி வயலில் போய் விழுந்தது. "அம்மிணி, மெதுவாப் போடு, பந்து பாலக்காட்டுக்கே போயிரும் போல இருக்குது" என்று ஒருவர் சத்தம் போட்டார். மெதுவாகப் போட்டார்கள். அது வளையத்துக்கே எட்டவில்லை. கை எதை நம்புவது என்று தெரியாமல் அக்கா பந்தை வைத்துக்கொண்டு நின்ற நேரத்தில், அதைத் தட்டிப் பறித்துக்கொண்டு போனார்கள். டவுன் காலேஜ்காரிகளுக்கும் எதிர்க்காற்றுதான். ஆனால் அவர்கள் தூரத்திலிருந்து எறிவதையே விட்டுவிட்டு, வளையத்தடிவரை ஓடிப் போய்ப் பந்தை உள்ளே வைத்துவிட்டு வந்தார்கள். தோற்றோம். கொஞ்ச நஞ்சத்தில் அல்ல.

முடிகிற நேரத்துக்கு வந்த பிரின்சிபால், ஜெயித்தவர்களோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு கோச்சைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். கோச் தலையாட்டினார். அவர் யார் சொன்னாலும் தலையாட்டுவார். அவ்வளவுதான், டீம் முடிந்தது. வருஷக்கணக்காகப் பாதி மைதானத்தில் ஆடவிட்டவர்கள், முழு மைதானத்தில் ஆடத் தெரியவில்லை என்று கணக்கை முடித்துவிட்டார்கள்.

அன்றைக்கு வீடு போகிற வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே போனேன். ரெஃப்ரியை, உயரக்காரியை, அவர்கள் பஸ்ஸை, தலையாட்டிக் கோச்சை, பிரின்சிபாலை, கடைசியில் காற்றையும். திட்டு வாங்காத ஆள் எங்கள் அப்பா ஒருவர்தான். அவரைத் திட்ட என்ன இருக்கிறது? அவர்தான் ஒரு நாள் வெயிலையே விட்டுக் கொடுத்தவராயிற்றே. அப்பா முன்னால் வேகமாக நடந்தார். அக்கா பின்னால் வந்தாள். வீட்டில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தார்கள். தோற்ற துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் நான் மைதானத்துக்குப் போனபோது அப்பா தார்ப்பாயை நீக்கி நெல்லைப் பரப்பிக்கொண்டிருந்தார். நடுக்கோடு வந்ததும் வழக்கம்போல நின்றார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். துடைப்பத்தைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். அப்போது அக்கா அவரைத் தாண்டி வந்து, நெல்லை இரண்டு கையாலும் அணைத்துக் கோட்டைத் தாண்டிக் கிழக்கே இழுத்துவிட்டாள். பிறகு வெறுங்காலால் அதைக் கிளறிக்கொண்டே நடந்தாள், கிழக்கு வளையத்தின் கம்பம்வரை. அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மறுபடியும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேற்று அவர்கள் பிடுங்கினார்கள், இன்று இவளே எடுத்துக் கொடுக்கிறாள். நெல் விளிம்புக்கு ஓடிப் போய், "அக்கா, அது நம்ம பக்கம். நீ எங்க போய்ப் பந்து போடுவ?" என்று கத்தினேன்.

அக்கா நிமிராமல் சொன்னாள்: "செருப்பக் கழட்டிட்டு வாடா."