கோபேக்குக் கப்பல் ஏறுமுன் மாமனார் வீட்டுக்கு ஒரு பயணம்

ஜப்பானுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றதும் திருச்சியில் பாதிப் பேர் சிரித்தார்கள். "உமக்கு ஜப்பான் பாஷை தெரியுமா?" தெரியாது. "அவாளுக்கு இங்கிலீஷ்?" அதுவும் தெரியாது, அதற்குத்தானே ஐயா போகிறேன்! கோபே நகரத்தில் ஏற்றுமதி வியாபாரம் பழகும் பையன்களுக்கான பள்ளிக்கூடம் ஒன்று எனக்கு இரண்டு வருஷத்துக்கு வேலை கொடுத்திருந்தது. 1930களின் தொடக்கம், மாசி மாதம். பங்குனியில் கொழும்பில் கப்பல். பாஸ்போர்ட் வந்துவிட்டது, அம்மை குத்திய சர்டிபிகேட்டும் கையில். பாக்கி என் மாமனார் மட்டும்தான்.

அவர் ஸ்ரீரங்கம் கோயில் மடைப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை பண்ணுகிறவர். மனைவியை இழந்தவர். என் மனைவி கோமளம் அவருக்கு ஒரே பெண். நாங்கள் மன்னார்புரத்தில் குடியிருந்தோம். அவள் அடிக்கடி போய்ச் சமைத்துப் போட்டால்தான் அவருக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். கடல் தாண்டியவர் கையால் சாப்பிட்டால் மடைப்பள்ளிக்குள் கால் வைக்கக் கூடாது என்பது அவர்கள் குடும்பத்துக் கட்டுப்பாடு. கோமளம் என்னோடு வந்தால், திரும்பியபின் ஜன்மத்துக்கும் அப்பாவுக்கு ஒரு பிடி சாதம் போட முடியாது. "அப்பா வாயால சரின்னு சொன்னா வரேன். இல்லேன்னா நீங்க மட்டும் போயிட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு ஸ்ரீரங்கம் போய்விட்டாள். அவள் இல்லாமல் போக எனக்கு மனசே இல்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். முதலில் பெரிய கடைவீதி. அங்கே ஜவுளிக்கடை வைத்திருக்கும் ராவுத்தர் ஒருவர் கோபேயில் ஒன்பது வருஷம் இருந்தவர். என்ன மனுஷர்! வியாபாரத்தை விட்டுவிட்டு எனக்காக உட்கார்ந்தார். "தம்பி, செருப்பை வாசல்லயே விட்டுடுவாங்க. வெளியில சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு, அப்புறம்தான் வெந்நீர்த் தொட்டியில இறங்குவாங்க. அவ்வளவு சுத்தம், மாஷா அல்லா! ஒண்ணு மட்டும் பார்த்துக்கங்க. காய்கறிக் குழம்புலயும் மீன் தண்ணி இருக்கும், கேக்காம வாயில வைக்காதீங்க." வாத்தியாருக்கென்றும் ஒன்று சொன்னார். பையன்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்களாம். புரிந்துவிட்டது என்று நம்பிவிடாமல் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒரே குஷி. இத்தனை ஆசாரமான ஊருக்கு மாமனார் என்ன மறுப்புச் சொல்லிவிடுவார்! மலைக்கோட்டை வாசலில் ஜட்கா பிடித்தேன். ஸ்ரீரங்கத்துக்கு மூன்று மைல், ஆறணா. காவிரிப் பாலத்தில் வண்டிக்காரர் கேட்டார்: "சப்பான்ல ஜட்கா உண்டுங்களா?" அங்கே மனுஷனே வண்டி இழுப்பானாம் என்றேன். "அப்ப அந்த ஊர்க் குதிரைங்க கொடுத்து வச்சதுங்க" என்று தன் குதிரையைத் தட்டிக்கொடுத்தார்.

மாமனாரிடம் அரை மணி நேரம் வெளுத்து வாங்கினேன். செருப்பு, குளியல், பாய், அரிசிச் சாதம், ஒன்றையும் விடவில்லை. அவரும் "பேஷ், பேஷ்" என்று ரசித்துக் கேட்டார். கடைசியில், "மாப்பிள்ளை, அவா சுத்தத்துல எனக்குச் சந்தேகமே இல்லை. என் கஷ்டம் வேற" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். எனக்குக் கோபமான கோபம். கோமளம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு லெக்சர் அடிச்சேளே, எங்கப்பா எப்படித் தனியா இருப்பார்னு ஒரு வார்த்தை கேட்டேளா?" என்றாள். சுருக்கென்றது. கேட்கவில்லைதான்.

அன்றிரவு அங்கேயே தங்கி, மறுநாள் மத்தியானம் வரை பெட்டியைப் பற்றி யோசித்துப் பொழுதைப் போக்கினேன். அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கம்பளிக் கோட்டை இங்கேயே தைத்துக்கொள்ளுங்கள், கப்பலிலேயே குளிர் ஆரம்பித்துவிடும் என்று ராவுத்தர் எச்சரித்தார். புளி, மிளகாய்ப்பொடி, பெருங்காயம் தகர டப்பாவில் அடைத்துக்கொள்ளுங்கள். திருச்சி ஜங்ஷனில் ரயில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து சின்னக் கப்பலில் தலைமன்னார், பிறகு கொழும்பு. கொழும்பிலிருந்து கோபேக்கு ஏறக்குறைய மூன்று வாரம். எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டுக்காரர்களிடம் பேசுங்கள். அதிலும் நாம் பேசுவதைக் குறைத்து, அவர்களைப் பேசவிடுங்கள்.

அன்று மாமனார் கோயிலிலிருந்து வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டார். கால் அலம்பிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து, "என் தம்பி பிள்ளைகிட்ட மடைப்பள்ளி முறையை ஒப்படைச்சுட்டேன். பங்குனிலேர்ந்து அவன்தான்" என்றார். எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அந்த வேலையை அவர் உயிராக நினைத்தவர் என்பது ஊருக்கே தெரியும்.

"அப்பா, எனக்காகவா?" என்று கோமளம் அழுதேவிட்டாள்.

"அழாதேடி. நாப்பது வருஷம் பெருமாளுக்குத் தளிகை பண்ணியாச்சு. அவருக்குப் பண்ணிப்போட ஊரே இருக்கு, எனக்கு நீ ஒருத்திதானே? போயிட்டு வா, அதுவரைக்கும் தம்பி ஆத்துல சாப்பிட்டுக்கறேன். வந்து எனக்குப் பண்ணிப் போடு."