குடலிறக்கம் என்று சொன்னோம்

பூவரசன் அண்ணனைச் சட்டையில்லாமல் நான் முதன்முதலில் பார்த்தது ஆஸ்பத்திரியில்தான். அவர் என் பெரியப்பா மகன். பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே ஓடையில் குளியல். அப்படியிருந்தும் பார்த்ததில்லை. நாங்கள் எல்லாரும் வெறும் உடம்போடு தண்ணீரில் குதிக்கும்போது அவர் பனியனோடு இறங்குவார். கேட்டால் "குளுருது" என்பார். சித்திரை வெயிலிலும் அதே பதில்தான்.

பதிமூன்று வயதில் அவருக்கு மார்பு இரண்டும் வீங்கின. உள்ளே முடிச்சு மாதிரி ஒன்று, தொட்டால் வலி. அந்த வயதில் பல பையன்களுக்கு வந்து தானாகவே போய்விடும். அவருக்குப் போகவில்லை, பெருத்தது. எட்டாம் வகுப்பில் எவனோ கரும்பலகையில் 'பூவரசி' என்று எழுதி வைத்தான். மறு வருஷம் அவர் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. சாமை விதைத்தார், கொள்ளு பிடுங்கினார், மாடு ஓட்டினார். எப்போதும் இரண்டு பனியன், அதற்கு மேல் தொளதொளவென்று ஒரு சட்டை. தோளை முன்பக்கம் வளைத்தே நடந்து, இருபத்தேழு வயதிலேயே முதுகில் கூன் விழுந்துவிட்டது.

இதற்குள் நான் எங்கள் மலையைவிட்டுக் கீழே போய் டிகிரி முடித்திருந்தேன். எங்கள் வகையறாவில் நான்தான் முதல் ஆள். மனு எழுத வேண்டுமென்றாலும் ஸ்கேன் எடுக்க வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு.

போன தை மாதம் கோபால்சாமி மாமா தன் மகள் அம்சவல்லியை அண்ணனுக்கு நிச்சயம் செய்தார். கல்யாணம் வைகாசியில். வெற்றிலை மாற்றி முடிந்ததும் அண்ணன் என்னைத் தனியே இழுத்துப் போனார்.

"நலங்கு வைப்பாங்கடா" என்றார்.

எங்கள் ஊரில் நலங்கு அன்று மாப்பிள்ளையைச் சட்டையில்லாமல் மணையில் உட்கார வைத்து, மாமன் மச்சான் முறைக்காரர்கள் எல்லாரும் மாரிலும் முதுகிலும் மஞ்சள் பூசுவார்கள். வாய்க்கு வந்தபடி கேலி செய்ய அன்றைக்கு எல்லாருக்கும் உரிமை உண்டு.

"கல்யாணமே வேணான்னு சொல்லிடறேன். அந்தப் பொண்ணுகிட்ட இன்னா காரணம் சொல்றதுன்னு நீயே யோசி."

"இதுக்கு ஆபரேஷன் இருக்குண்ணே" என்றேன்.

வேலூரில் ஒரு டாக்டர் ரத்தம் சோதித்தார், ஸ்கேன் எடுத்தார். "பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல. வெறும் கொழுப்பு இல்லப்பா, உள்ள திசு வளந்திருக்கு. இத்தனை வருஷம் ஆனப்புறம் மாத்திரைக்குக் கரையாது. எடுத்துடலாம்." சட்டையைக் கழற்றும்போது அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் பேனாவால் மாரில் கோடு போட்டு முடிக்கும் வரை திறக்கவேயில்லை.

ஊருக்கு என்ன சொல்வது? நான்தான் வழி சொன்னேன். "குடலிறக்கம்னு சொல்லிடலாம்ணே. மூட்டை தூக்க விடமாட்டாங்க. வயித்த யாரும் தொறந்து பாக்கவும் மாட்டாங்க."

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. காம்பைச் சுற்றி அரை வட்டமாகக் கிழித்துத் திசுவை எடுத்திருந்தார்கள். ரத்தம் வடிய வைத்த குழாயை ரெண்டு நாளில் உருவிவிட்டு, மாரை இறுக்கிப் பிடிக்கும் ஒரு பனியனைப் போட்டு அனுப்பினார்கள். ஆறு வாரம் அதைக் கழற்றக்கூடாது, மூன்று வாரத்துக்குக் கை தோளுக்கு மேலே போகக்கூடாது என்று நர்ஸ் இரண்டு தடவை சொன்னார்.

வீட்டில் பெரியம்மா அம்மாக்கண்ணு குடத்தைக்கூட அவரைத் தொட விடவில்லை. "வயிறு வயிறு" என்று கஞ்சியாகவே ஊற்றினார். பத்து நாள் எங்கள் பொய் நன்றாகத்தான் வேலை செய்தது.

பதினோராம் நாள் மாமா வந்தார். நிச்சயமான வருஷம் மாமனார் வீட்டுப் புளியை மாப்பிள்ளை உலுக்கிக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம்.

"மாப்ள மரம் ஏற வேணாம், மூட்டையும் தூக்க வேணாம். கீழ நின்னு தொரட்டியால கிளைய இழுத்து வுட்டா போதும். அதுக்குக்கூட வரலன்னா என் சனம் என்னைப் பாத்துத்தான் சிரிக்கும்."

"மாமா, இன்னும் பத்து நாள் போவட்டுமே" என்றேன்.

"வயித்துக்குத் தானேடா வைத்தியம். கை இன்னா பண்ணிச்சு?"

அண்ணன் என்னைப் பார்த்தார். படித்தவனிடம் பதில் இருக்கும் என்று நினைத்திருப்பார். என்னிடம் இல்லை. வாயைத் திறந்தால் மொத்தமும் வெளியே வந்துவிடும். அவர் தொரட்டியை வாங்கிக்கொண்டார்.

காலை முழுக்கத் தலைக்கு மேல் கை. மாமாவின் பங்காளி சின்னராஜ் மரத்தின் மேலிருந்து, "மாப்ள புளிய இழுக்கறாரா, பல்லு வெளக்கறாரா?" என்று கத்த, பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அண்ணன் இன்னும் எட்டி இழுத்தார். கொஞ்ச நேரத்தில் தொரட்டி கை நழுவி விழுந்தது. முகம் வெளுத்திருந்தது. சட்டையின் இடது பக்கம் நனைந்து சிவப்பு பரவியது.

மாமா ஓடி வந்து அவரைக் கீழே உட்கார வைத்தார். "தையல் வுட்டுப் போச்சாடா? வயித்தக் காட்டு."

"வயித்துல ஒண்ணும் இல்ல மாமா."

"அப்ப ரத்தம் எங்கிருந்து வருது?"

எல்லாரும் சுற்றி நின்றார்கள். அம்சவல்லி கூடையை வைத்துவிட்டு முன்னால் வந்து நின்றது. அண்ணன் கையை நான் பிடித்தேன். அவர் அதை விலக்கிவிட்டு, பொத்தானைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்ளே அந்த இறுக்குப் பனியன். இடது பக்கம் பந்து மாதிரி எழும்பியிருந்தது.

"மாருல ஆபரேஷன் மாமா. பொம்பளைக்கு இருக்கற மாதிரி இருந்துச்சி. எடுத்துட்டாங்க."

சின்னராஜ் மரத்தைவிட்டு இறங்கி வண்டி பிடிக்க ஓடினார். அண்ணனைப் பார்த்து அம்சவல்லிதான் முதலில் பேசியது. "கைய கீழ வெச்சிக்க மாமா. தூக்காத."

ஒடுகத்தூர் வரை ஜீப், அங்கிருந்து வேலூருக்கு வேன். உள்ளே கட்டியிருந்த ரத்தத்தை எடுக்க மறுபடியும் தையலைப் பிரித்தார்கள். ஒரு நாள் தாமதித்திருந்தால் சீழ் வைத்திருக்கும் என்றார் டாக்டர். வராந்தாவில் மாமா என் பக்கம் திரும்பவேயில்லை. கடைசியில், "எங்கிட்ட சொல்லியிருந்தா அந்தத் தொரட்டிய நான் குடுத்திருப்பனாடா?" என்றார்.

மறுநாள் கட்டிலருகே உட்கார்ந்து மாமாவே சொன்னார்: "நலங்க சட்டையோடவே வெச்சிக்கலாம். கேக்கறவனுக்கு நான் சொல்லிக்கறேன்."

அண்ணன், "வேணாம் மாமா. கழட்டிடறேன்" என்றார்.

கல்யாணம் ஆவணிக்குத் தள்ளிப்போனது. நலங்கு அன்று அவர் சட்டையைக் கழற்றி மணையில் உட்கார்ந்தார். இரண்டாம் தடவை பிரித்ததால் இடது பக்கம் கொஞ்சம் பள்ளம் விழுந்து, வலது பக்கம் போல் இல்லை. கூட்டம் அதைப் பார்த்தது. சிலர் பார்த்துக்கொண்டேயிருந்தார்கள். மாமா முதல் ஆளாக மஞ்சளை எடுத்து, தழும்பை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் பூசினார். அண்ணன் அவர் கையைப் பிடித்துத் தழும்பின் மேல் வைத்து, "அங்கயும் வலிக்கல மாமா" என்றார்.