எருமைச் சங்கிலி போட்ட டயர்

புதுச்சத்திரத்தில் சேலம் ரோட்டோரம் என் வீட்டுக்காரர் டயர் கடை வைத்திருந்த காலத்தில் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. என் வாய்தான் பலகை. வாயாடி அக்கா கடை என்றால் நாமக்கல் வரைக்கும் லாரிக்காரர்களுக்குத் தெரியும். வண்டியைக் குறுக்கே நிறுத்துகிறவன், வெற்றிலையைக் கண்ட இடத்தில் துப்புகிறவன், ஒருத்தனையும் விடமாட்டேன்.

அந்த வாயில்தான் அடி விழுந்தது.

லாரிச் சக்கரத்தில் டயர் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ள ஓர் இரும்பு வளையம் உண்டு. லாக் ரிங் என்போம். அது சரியாக உட்காராமல் காற்றடித்தால், காற்று ஏற ஏற ஒரு கட்டத்தில் வளையம் தெறித்துக் கிளம்பும். அன்று அவர் காற்றடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு நான் டீ டம்ளரோடு போய், "ஏனுங்க, டீ ஆறுதுங்க, எத்தன வாட்டி கூப்புடறது?" என்று ஆரம்பித்தேன். டமார்! அவர் காதோரமாகக் கிளம்பிய வளையம் என் தாடையை உரசி, கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. உரசினதற்கே தாடை இரண்டு துண்டு. நேராகப் பட்டிருந்தால் இதைச் சொல்ல நான் இல்லை.

சேலத்து ஆஸ்பத்திரியில் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டார்கள். "எலும்பு கூடற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாதும்மா. கம்பி கழண்டா தாடை கோணலாச் சேரும், மறுபடி உடைச்சுத்தான் கட்டணும்" என்றார் டாக்டர். வாந்தி வந்தால் மூச்சடைக்கும், அப்போது மட்டும் கம்பியை வெட்டலாம் என்று ஒரு கட்டிங் பிளேயரைக் கூடவே வைத்துக்கொள்ளச் சொன்னார். எங்கள் கடைப் பிளேயரையே வெந்நீரில் அலசி இடுப்பில் செருகிக்கொண்டேன். கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ரப்பர் குழாயை நுழைத்து, வடிகட்டிய ராகிக் கஞ்சியும் பாலில் அடித்த முட்டையும்தான் சாப்பாடு. லாரிக்காரர்களுக்கோ ஒரே கொண்டாட்டம். "அக்கா இடுப்புல இருக்கற பிளேயர ஒளிச்சு வெச்சிருங்கண்ணே!" என்று சிரித்தார்கள்.

என் வலிகூடப் பெரிதில்லை. நான் வீடு திரும்பிய மறுநாளே அவர் பழையபடி வளையத்துக்கு நேரே குனிந்து காற்றடித்துக்கொண்டிருந்தார். லோடு நிற்கிறது, சீக்கிரம் என்று டிரைவர் ஒருவன் பக்கத்திலேயே குந்திக்கொண்டு விரட்டினான். அடுத்த வளையம் இவர் தலையைக் கொண்டுபோனால்? கத்தவும் முடியவில்லை. ம்ம்ம் என்றேன். கம்ப்ரெசர் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்?

எனக்கு வந்ததே கோபம்! கட்டுத்தறிக்குப் போய் எங்கள் எருமையைக் கயிற்றில் மாற்றிக் கட்டிவிட்டு, அதன் சங்கிலியைக் கொண்டுவந்து சக்கரத்தின் மேல் போட்டேன். டயரையும் வளையத்தையும் சேர்த்துச் சுற்றுங்கள் என்று கையால் காட்டினேன்.

"டயரென்ன எருமையா புள்ள, ஓடிப் போறதுக்கு?" என்றார் அவர். டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தான்.

காற்றுக் குழாயை மடக்கி அதன் மேல் ஏறி நின்றுகொண்டேன். காற்று நின்றது. அவர் திட்டினார், கெஞ்சினார். அசைந்தேனா? சங்கிலியைச் சுற்றிய பிறகுதான் காலை எடுத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் அதே கூத்து. எருமை டயர் கடை என்று பேரே வந்துவிட்டது.

கம்பி பிரிக்கும் நாள் நெருங்கிய சமயம், ஒரு மத்தியானம் அதே டிரைவர் வந்து அதே இடத்தில் குந்தியிருந்தான். டமார்! சக்கரம் ஒரு முழம் எகிறி விழுந்தது. வளையம் கிளம்பியது, சங்கிலி விடவில்லை. புழுதி அடங்கியபோது அவரும் டிரைவரும் தங்கள் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சங்கிலியில் ஒரு கண்ணி நசுங்கியிருந்தது, அவ்வளவுதான்.

அவர் என்னிடம் வந்தார். "ஏதாச்சும் திட்டு அம்முணி" என்றார். திட்ட வழியில்லாமல் மூக்கால் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! என் புருஷன் முழுசாக என் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

கம்பியை வெட்டிய அன்று, தாடை நேராகச் சேர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். ஆனால் வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. ஐஸ் குச்சி போன்ற மரக்குச்சிகளைக் கொடுத்து, பல்லுக்கு நடுவே வைத்து, தினம் ஒன்றாகக் கூட்டச் சொன்னார். அதுவரை மெதுவாகத்தான் பேச வேண்டுமாம். சேர்த்து வைத்திருந்த திட்டையெல்லாம் எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

மல்லூரில் பஸ் நின்றது. எதிரே யாரோ ஒருவருடைய பஞ்சர் கடை. அங்கே கிடந்த லாரிச் சக்கரத்தைச் சுற்றி ஒரு சங்கிலி!

"நம்ம டிரைவர் தம்பி ரோடு பூராச் சொல்லிட்டுப் போறானாமா" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர்.

பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நன்றாகப் பார்த்தேன். ஒரே ஒரு சுற்று, அதுவும் தொளதொளவென்று. கடைக்காரர் வளையத்துக்கு நேரே முகத்தை வைத்துக் குனிந்திருந்தார். டாக்டராவது, குச்சியாவது! ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன்.

"ஏனுங்க! இன்னொரு சுத்து சுத்துங்க! இறுக்கிப் போடுங்க!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கடைக்காரர் பதறி எழுந்து சங்கிலியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். என் தாடை விண்விண்ணென்று தெறித்தது. பக்கத்தில் வீட்டுக்காரர் கண்டக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாய் வந்திருச்சுங்க! என்ற ஊட்டுக்காரிக்கு வாய் வந்திருச்சுங்க!" என்றார்.